கிணற்று மேட்டில் வெட்டுப்பட்ட தம்பிக்கு, ஜன்னலோரப் பறவைகளைப் பற்றி

என் சின்னா, என் ராசா,

கேட்டால் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. உன் அக்கா இப்போது பறவை பார்க்கிறாள். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, வாலின் நீளம் என்ன, கண்ணுக்கு மேல் கோடு இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்கிறாள். ராகிக் கதிரில் குருவி உட்கார்ந்தால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடியவன் நீ. தக்காளிக் காட்டில் மயில் இறங்கினால் அதன் வம்சத்தையே திட்டுவாய். உன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து நான் அதே மயிலுக்காகக் காத்திருக்கிறேன் என்றால் என்னைப் பைத்தியக்காரி என்றுதானே சொல்வாய்?

நேராகப் பறவைக் கதைக்கே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உனக்கு என்ன நடந்தது என்று தெரியாதே. அதைச் சொல்லிவிடுகிறேன். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பாலக்கோட்டை அடுத்த நம் காட்டில், நமக்கும் பெரியப்பா மகன் கோவிந்தனுக்கும் சேர்த்து ஒரே கிணறு. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் நம் முறை. அவன் தனியாகப் போட்ட போர்வெல் வற்றிப்போன பிறகு நம் முறையிலும் அவனே மோட்டார் போட ஆரம்பித்தான். நீ தட்டிக்கேட்டாய். அவ்வளவுதான் சண்டை. அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்று விடிந்ததும் நீ மோட்டார் போடப் போனாய். காபித் தூக்கை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்து கோவிந்தனும் அவன் மகன் குமாரும் வந்தார்கள். குமார் உன் கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கோவிந்தன் கொடுவாளை ஓங்கினான். "அக்கா, வராத!" என்று கத்தினாய். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தபோது இரண்டாவது "வராத" பாதியில் நின்றது.

நான் வந்தேன், சின்னா. தூக்கால் கோவிந்தன் முகத்தில் அடித்தேன். அவன் கொடுவாளைப் போட்டுவிட்டுக் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து என் தொடையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. ஊர்ந்து உன்னிடம் வந்து சேர்ந்தபோது காய்ந்து கிடந்த வாய்க்காலில் உன் ரத்தம் இறங்கிப்போய்க்கொண்டிருந்தது. முந்தானையைச் சுருட்டிக் கழுத்தில் வைத்து அழுத்தினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தப் பார்வை நின்றுவிட்டது.

எனக்குத் தொடையில் கம்பி வைத்து அனுப்பினார்கள். புருஷன் போன பிறகு எனக்கு வேறு வீடு ஏது? உன் வீட்டுக்கே தூக்கிவந்து போட்டாள் மல்லிகா, உன் பெண்டாட்டி. கட்டிலை வடக்கு ஜன்னலோரம் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கோவிந்தன் வீடு தெரியும்.

அப்போது அப்பனும் மகனும் ஜெயிலில் இருந்தார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் துணி துவைப்பாள், காயப்போடுவாள். அந்தக் கொடியில் ஆடுகிற சேலையைக்கூடக் கொளுத்தவேண்டும் போல இருக்கும் எனக்கு. தலையணைக்கு அடியில் ஒரு கொடுவாள் வைத்திருந்தேன். தென்னை ஓலை கழிக்க நீ வைத்திருந்ததுதான். நாள் முழுக்க அந்த வீட்டைப் பார்த்தபடி மனசுக்குள் வெட்டுவேன். கோவிந்தனை வெட்டுவேன், குமாரை வெட்டுவேன். முதலில் கையை எடுக்கலாமா காலை எடுக்கலாமா என்று யோசிப்பேன். சோறு இறங்காது. அது மட்டும் இனிக்கும்.

ஒரு நாள் மல்லிகா வக்கீலைப் பார்த்துவிட்டு வரும்போது நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்து என் மேல் போட்டாள். நம் பக்கத்துப் பறவைகளைப் படம் போட்டு, தமிழ்ப் பேரோடு சொல்கிற புத்தகம்.

"இது என்னாத்துக்கு?"

"அந்த வூட்டையே பாத்துப் பாத்து உங்க மூஞ்சி மாறிப்போச்சுங்க அண்ணி. கண்ணாடியில பாத்தீங்களா? ஜன்னல்ல வேற எதனா தெரியுதான்னு பாருங்க. கண்ணுக்கு ஒரு வேல வேணாமா?"

"குருவி பாக்கற வயசா எனக்கு?"

"வெட்டற வயசு மட்டும் ஆவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோபத்தில் புத்தகத்தைத் தள்ளிவிட்டேன். தரையில் அது விரிந்து விழுந்த பக்கத்தில் ஒரு பறவை, இன்னொரு சின்னப் பறவையை முள்ளில் குத்தி வைத்திருந்தது. கீச்சான் என்று போட்டிருந்தது. ஓணான், வெட்டுக்கிளி, சில சமயம் குஞ்சு, எது கிடைத்தாலும் முள்ளில் செருகி வைத்துக் கிழித்துத் தின்னுமாம். கைத்தடியால் புத்தகத்தை இழுத்து எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பறவைமேல் ஆசை வந்தது இப்படித்தான். அழகைப் பார்த்து வரவில்லை.

கீச்சானைத் தேடித்தான் வெளியே பார்க்க ஆரம்பித்தேன். முதலில் எல்லாமே தப்பு. பெண் குயிலைப் பார்த்து வல்லூறு என்று கத்தினேன். தையல்சிட்டைத் தேன்சிட்டு என்றேன். புத்தகம் ஒரு வழி சொல்லியிருந்தது. பேரைத் தேடி ஓடாதே, முதலில் அளவைப் பார். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அடுத்து அலகு, அடுத்து வால். அது என்ன செய்கிறது, எங்கே உட்காருகிறது? பார்த்ததை மட்டும் வைத்துக்கொள், பார்க்காததைச் சேர்க்காதே. எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தைப் புரட்டு.

அப்படிப் பார்க்கப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது, சின்னா. கறிவேப்பிலைச் செடியில் கொண்டைக்குருவி. மின்கம்பியில் பச்சைப் பஞ்சுருட்டான்கள், பந்தியில் உட்கார்ந்தது போல வரிசையாக. களத்தில் கொண்டலாத்தி, தலையில் விசிறியோடு, மண்ணைக் குத்திக் குத்தி நடக்கும். மல்லிகாவைக் கெஞ்சி ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னேன். மத்தியான வெயிலில் தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து, சண்டை போட்டுக்கொண்டே குளிக்கும். ஒரு நாள் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து மல்லிகா ஓடிவந்து பார்த்தாள், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

ஆனால் எல்லாருக்கும் மேலாக எனக்குப் பிடித்தது வல்லூறுதான். வேம்புக்குள் ஒளிந்திருந்து கல் மாதிரி விழும். சட்டியோரம் நின்ற தவிட்டுக்குருவி ஒன்றை என் கண் முன்னால் தரையோடு அழுத்தியது. குருவி உயிரோடு இருக்கும்போதே நெஞ்சு இறகைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. சிவப்புக் கண். ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. "கிழி, கிழி" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதன் காலுக்குக் கீழே கிடந்தது எனக்குக் கோவிந்தன்.

பிறகு செம்போத்து வந்தது. வெளியே கிளம்பும்போது செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று நம் ஊரில் நின்று கும்பிடுவார்களே, அதுதான். கறிவேப்பிலைச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. கையெட்டுகிற தூரம். இறகு முளைக்காத குஞ்சுகள், வாயைத் திறந்தால் உள்ளே அத்தனை சிவப்பு. செம்போத்து நிதானமாக நடந்துவந்து ஒவ்வொன்றாகத் தூக்கி விழுங்கியது. தாயும் தகப்பனும் அதன் தலைமேலேயே விழுந்து விழுந்து கத்தின. நான் கைத்தடியால் கம்பியை அடித்தேன், கத்தினேன், கட்டிலிலிருந்து கீழே விழுந்தேன். தரையில் கிடந்து அழுதபோதுதான் தெரிந்தது, நான் குஞ்சுகளுக்காக மட்டும் அழவில்லை.

அன்றைக்குப் புத்தகத்தின் மேலேயே கோபம் வந்தது. செம்போத்தைப் பற்றி எழுதியவர் அதன் குரலை, நிறத்தை, நடையை எல்லாம் ஆசையாக எழுதியிருக்கிறார். குஞ்சு தின்பதையும் அதே ஆசையோடு எழுதியிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டக் கூடாதா? மல்லிகா அடுத்து எடுத்துவந்த புத்தகம் கூடுகளைப் பற்றியது. அதிலும் இல்லை. பஞ்சுருட்டான் தேனீயைக் கம்பியில் அடித்து அடித்துத்தான் தின்கிறது. கட்டைவிரல் அளவுத் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குச் சிலந்தியைப் பிடித்து ஊட்டுகிறது. இதிலிருந்து என்ன பாடம் படிப்பது? எனக்குத் தெரியவில்லை, சின்னா. பறவைகள் எனக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் வல்லூறு அடிக்கும்போது கோவிந்தன் முகம் வரவில்லை. வல்லூறு வல்லூறாகவும் தவிட்டுக்குருவி தவிட்டுக்குருவியாகவும் மட்டும் தெரிந்தன. அதற்குப் பிறகுதான் பார்ப்பதில் உண்மையான ருசி வந்தது.

இதற்குள் அப்பனும் மகனும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். ஊருக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையும் கொஞ்ச நாளில் தளர்ந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் வெள்ளை வேட்டியோடு வந்து நம் களத்தில் உட்கார்ந்தார்கள்.

"போன உசுரு வரப்போறதில்ல சரோஜா. கெணத்த முழுசா உங்களுக்கே உட்டுடறன்னு சொல்றான். கோர்ட்டுல ஆள் அடையாளம் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிபோச்சு. பங்காளிக்குள்ள ராசியாப் போயிடலாம்."

"எந்தம்பி ரத்தம் ஓடுன கெணத்துத் தண்ணிய நான் குடிக்கணுமா? எழுந்திருங்க எல்லாரும்" என்றேன்.

அதற்கடுத்த நாள் காலையில் மல்லிகா களத்தில் நின்று அலறினாள். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி மைனாக்கள் கால் விறைத்துக் கிடந்தன. தவிட்டுக்குருவிகள் வாயில் நுரையோடு ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு அணில் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. சட்டியிலிருந்து தக்காளிக்கு அடிக்கிற மருந்து வாடை குப்பென்று வந்தது. மறுபடி கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்த அந்தக் கொண்டைக்குருவி கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் மல்லாந்து கிடந்தது. மல்லிகா கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் ஒவ்வொன்றின் பேரையும் ஜன்னலிலிருந்து சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பேரில்லாமல் புதைக்க மனசு வரவில்லை.

அந்த வாரமே, மல்லிகா தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, கோவிந்தன் வந்தான். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நேராக ஜன்னலுக்கு வந்தான். நல்ல போதை.

"குருவி சாவறதுக்கே இப்படி அழுவுறியாமே? அடுத்து மல்லிகா. தெரியுமில்ல?"

கம்பிக்கு நடுவில் கையை விட்டு என் மடியில் இருந்த புத்தகத்தைப் பிடித்து இழுத்தான். பக்கங்கள் கிழிந்தன. அந்தக் கையை நான் பிடித்துவிட்டேன், சின்னா. இடது கையால் மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்து முறுக்கிப் பிடித்தேன். வலது கையில் தலையணைக்கு அடியிலிருந்த கொடுவாள். அவன் திமிறினான். கட்டில் சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்தேன். கம்பி வைத்த தொடை பிளந்துபோகிற மாதிரி வலித்தது. விடவில்லை. வாளை அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். தோல் பிரிந்து ரத்தம் வந்தது.

"சரோஜா, வேணாம். சரோஜா..."

அவன் குரல் உடைந்தது. அவன் நெற்றி வேர்வையைப் பக்கத்தில் பார்த்தேன். ஒரு இழுப்பு போதும். உன் கைகளைக் குமார் பின்னால் பிடித்திருந்தானே, அது ஞாபகம் வந்தது. நல்ல மனசு தடுத்தது என்று நினைத்துவிடாதே. வக்கீல் சொன்னதுதான் தடுத்தது. "உங்க மேல ஒரு கேஸ் வந்துட்டா உங்க சாட்சி எடுபடாதும்மா. அவங்க காத்துக்கிட்டிருக்கறதே அதுக்குத்தான்." எனக்கு இவன் கை வேண்டுமா, இவன் முழுசாக வேண்டுமா என்று யோசித்தேன். முழுசாக வேண்டும்.

"கோர்ட்டுல பாக்கலாம், போ" என்று விட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் விழுந்து எழுந்து ஓடினான். அதைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. இங்கே எதற்கு வந்தான் என்று முதலில் சொல்லவேண்டியிருக்குமே.

சாட்சி சொல்வதற்கு முதல் நாள் எனக்கும் மல்லிகாவுக்கும் சண்டை. இத்தனை காலத்தில் அதுதான் முதல் சண்டை.

"குமாரும் வெட்டினான்னு சொல்லுங்க அண்ணி."

"அவன் புடிச்சிக்கிட்டிருந்தான் மல்லிகா. வெட்டினது கோவிந்தன்."

"புடிச்சது மட்டும்னா சின்ன தண்டன குடுத்து உட்ருவாங்க. எம்புருசன் என்ன சும்மாவா செத்தாரு? ஒரு வார்த்த சேத்துச் சொன்னா என்ன கொறஞ்சிடும்?"

"நான் பாத்தத மட்டுந்தான் சொல்லுவன்."

"குருவி பாக்கறதும் கொலையப் பாக்கறதும் ஒண்ணா?" என்று கத்தினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கோர்ட்டில் கைத்தடியை ஊன்றிக் கூண்டில் நின்றேன். அவர்கள் வக்கீல் மூன்று பக்கமிருந்தும் இழுத்தார். விடிகிற நேரத்தில் எப்படித் தெரிந்தது? காயம் பட்ட மயக்கத்தில் எதைப் பார்த்தீர்கள்? தம்பி மேல் பாசத்தில் சேர்த்துச் சொல்கிறீர்களா? நான் ஒன்றையும் சேர்க்கவில்லை. யார் எங்கே நின்றார்கள், எந்தக் கை ஓங்கியது, எந்தக் கை பிடித்தது, நீ என்ன கத்தினாய், எந்த இடத்தில் கத்தல் நின்றது. "குமார் வெட்டினாரா?" என்று கேட்டார். "இல்லைங்க. வெட்டறதுக்கு வாகாப் புடிச்சிக் குடுத்தான்" என்றேன். குமார் தலையைக் குனிந்துகொண்டான். கோவிந்தன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கூண்டிலிருந்து இறங்கியதும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

தீர்ப்பு வந்தது. கோவிந்தனுக்கு ஆயுள். பிடித்துக்கொடுத்ததும் கொலைக்குத் துணைதான் என்று குமாருக்கும் அதேதான். நான் பொய் சொல்லியிருந்தால் அந்த ஒரு பொய்யைப் பிடித்து மொத்தத்தையும் உடைத்திருப்பார்கள் என்று நம் வக்கீல் மல்லிகாவிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. அவர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருஷமோ.

போன வாரம், குளிர் விழ ஆரம்பித்த ஒரு காலையில், கொல்லைப்புறத்திலிருந்து மல்லிகா குரல்.

"அண்ணி! அண்ணி, சீக்கிரம் வாங்க! வெள்ள வெளேர்னு என்னவோ ஒண்ணு, வாலு ரிப்பன் மாதிரி தொங்குது! போயிடப்போவுது, வாங்க!"

கைத்தடியை மறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். மாமரத்து நிழலில் அது. கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு, உடம்பைவிட நீளமான வால். அரசவால் ஈப்பிடிப்பான். புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்து, நம் ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று புரட்டிவிட்ட பக்கம். கிளை விட்டுக் கிளை பாயும்போது வால் பின்னாலேயே மெதுவாக அலைந்து வந்தது. காற்றில் ஒரு பூச்சியை அடித்து விழுங்கியது. மல்லிகா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது பேரு என்னாங்க அண்ணி?"

சொன்னேன். அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதோம். அது பாட்டுக்குப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இத்தனை பறவை பார்த்தேனே, கிணற்று மேட்டுப் பக்கம் ஒரு தடவைகூடக் கண்ணைத் திருப்பியதில்லை. ஜன்னலில் அது தெரிகிற மூலையில் துணி தொங்கவிட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தை பிறந்ததும் அந்தத் துணியை எடுத்துவிடுவேன். என் கால்களாலேயே நடந்துவந்து, நீ விழுந்த இடத்தில் நிற்பேன். அங்கே உட்காருவது எந்தப் பறவையாக இருந்தாலும் கண்ணை மூடாமல் பார்த்துவிட்டு வருவேன். இது உன்மேல் சத்தியம்.

வராதே என்று நீ கத்தியும் வந்தவள்,
உன் கூடப் பிறந்த அக்கா
சரோஜா